காரில் கிளம்பினால் எதைப் படம் எடுப்பது? நெல்லை, தூத்துக்குடி பக்கம் சுற்றுபவருக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டது இது: திருநெல்வேலியில் இருக்கிறீர்கள், சின்ன கார் ஒன்று இருக்கிறது, கேமராவோடு வந்த 18-55 லென்ஸும் 55-250 ஜூமும் இருக்கின்றன. ஞாயிறு காலையில் கிளம்பி கன்னியாகுமரி, உவரி, மணப்பாடு என்று பெயர்பெற்ற இடங்களையெல்லாம் பார்த்தாயிற்று. வீட்டுக்கு வந்து படங்களைத் திறந்தால் எல்லாம் ஏற்கெனவே யாரோ எடுத்தது போல இருக்கிறது. நாள் முழுக்க ஓட்டியும் வழியில் எடுக்க எதுவும் கண்ணில் படவில்லை. படத்துக்கான விஷயத்தை எங்கே, எப்படித் தேடுவது?

இடத்தைத் தேடுவதை விட்டுவிட்டு வேலையைத் தேடுங்கள் என்பதுதான் என் பதில். இந்த மாதம், இந்த நேரத்தில், இந்தப் பக்கத்து ஜனங்கள் வெளியில் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்? உப்பு வாருகிறார்களா, பனை ஏறுகிறார்களா, ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார்களா, கோயில் கொடைக்குப் பந்தல் போடுகிறார்களா? அது தெரிந்துவிட்டால் எங்கே போவது, எத்தனை மணிக்குப் போவது என்ற இரண்டு கேள்விக்கும் விடை வந்துவிடும். மணப்பாட்டில் மணல்மேட்டு மேல் இருக்கும் சிலுவைக் கோயில் எப்போது போனாலும் அப்படியேதான் நிற்கும், அதனால் எல்லோருக்கும் ஒரே படம் கிடைக்கிறது. அதே ஊரில் விடியற்காலையில் கரைக்கு வரும் வள்ளங்களும் வலையிலிருந்து மீன் பிரிக்கும் கைகளும் ஒரு நாள் இருப்பதுபோல் மறுநாள் இருக்காது.

முதல் காரியம், நாற்கரச் சாலையை விட்டு இறங்குவது. நெல்லையிலிருந்து நாகர்கோவில், மதுரை, தூத்துக்குடி எந்தத் திசையில் போனாலும் அகலமான சாலை இருக்கிறது. வேகமாகப் போக அருமையான சாலைதான். ஆனால் அது ஊர்களை ஒதுக்கிவிட்டு, வயலைவிட உயரத்தில், நடுவில் அரளிச் செடியோடு போகிறது. மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும்போது ஏதாவது தென்பட்டாலும் நிறுத்த வழியில்லை, நிறுத்தவும் கூடாது. திருச்செந்தூர் பக்கம் போவதென்றால் செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வழியாக ஆற்றை ஒட்டிப் போங்கள். ஏரல், ஆத்தூர் வழியாகத் திரும்புங்கள். ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. அகத்தி நிழலில் கொடிகள் ஏறி நிற்கும், உள்ளே வெளிச்சம் பச்சையாக வடிந்து வரும், வெளியே வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் உள்ளே படம் எடுக்கலாம். ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, ஆனாலும் அந்த வழியாகக் கேமராவோடு போகிறவர்கள் காரை நிறுத்துவதில்லை. உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள். கொடிகளைத் தொடாதீர்கள்.

கிராமத்துச் சாலையில் 30, 40-க்கு மேல் போகாதீர்கள். 40 கிலோமீட்டர் வேகம் என்றாலே நொடிக்கு 11 மீட்டர். ஒன்றைப் பார்த்து, அது என்னவென்று புரிந்து, நிறுத்தலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் நூறு மீட்டர் தாண்டிவிடுவீர்கள். அங்கேதான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். "சரி, வரும்போது எடுத்துக்கலாம்" என்று மனசு சொல்லும். வரும்போது வெயில் மாறியிருக்கும், ஆள் போயிருப்பார், மாடு வேறு பக்கம் மேயும். கண் ஒரு முறை திரும்பினாலே போதும், அடுத்த பாதுகாப்பான இடத்தில் காரைத் திருப்பி வந்து பாருங்கள். வந்து பார்த்தால் பாதி நேரம் ஒன்றும் இருக்காது. மீதிப் பாதிக்காகத்தான் காரில் போகிறோம். பஸ்ஸில் போனால் திரும்பி வர முடியாது, பைக்கில் போனால் முழு லென்ஸ் பையோடு அதிக தூரம் போக முடியாது.

நிறுத்துவதிலும் கவனம் வேண்டும். நான்கு சக்கரமும் தாரை விட்டு இறங்கியிருக்க வேண்டும், வளைவில் கூடாது, பாலத்தின் மேல் கூடாது. நம் ஊர்த் தனியார் பஸ்கள் எந்த வேகத்தில் வரும் என்று உங்களுக்கே தெரியும். மழைக்குப் பிறகு கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசல் மண்ணில் ஓரம் இறக்கவே இறக்காதீர்கள். மேலே காய்ந்த மாதிரி தெரியும், சக்கரம் உள்ளே போய்விடும்.

எந்தத் திசையில் ஓட்டுகிறோம் என்பது எதை எடுக்கிறோம் என்பதற்குச் சமமான விஷயம். நாம் இருப்பது ஏறக்குறைய 8.7 டிகிரி வட அட்சத்தில். இங்கே சூரியன் சாய்வாக ஏறுவதில்லை, கிட்டத்தட்ட நேராக மேலே ஏறுகிறது, மணிக்குச் சுமார் 15 டிகிரி. ஐரோப்பாவில் எழுதப்பட்ட புகைப்படப் பாடங்களில் காலை மஞ்சள் வெளிச்சம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும் என்று படித்துவிட்டு, ஆறரைக்கு எழுந்து ஏழரைக்குப் போய் நின்றால் இங்கே அது முடிந்திருக்கும். சூரியன் வருடம் முழுக்க ஏறக்குறைய 6 மணிக்கும் 6:40-க்கும் இடையில் உதிக்கிறது, அதிலிருந்து முக்கால் மணி நேரம்தான் மென்மையான வெயில். சித்திரைப் பிறப்பை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அந்த நாட்களில் ஆள் முகத்தில் கண் இருக்கும் இடம் கறுப்புக் குழியாகத்தான் விழும்.

ஆகவே கடற்கரைக்குப் போவதென்றால் இருட்டிலேயே கிளம்பி, விடிவதற்கு அரை மணி முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுங்கள். விடிந்த பிறகு கிழக்கே ஓட்டினால் சூரியன் கண்ணில் அடிக்கும். எதிரே வருவதே தெரியாதபோது வயலில் இருப்பது எங்கே தெரியப்போகிறது? கடற்கரைச் சாலை தூத்துக்குடியிலிருந்து தெற்கே இறங்குகிறது, அதனால் காலை வெயில் பக்கவாட்டில் விழும். உப்புக் குவியலுக்கும் மணல் வரிகளுக்கும் அந்தப் பக்க வெயில்தான் உருவம் தருகிறது. அம்பாசமுத்திரம் சாலைக்கு நேர் எதிர்க் கணக்கு. மத்தியானம் மேற்கே போய்விட்டு, நாலரைக்கு மேல் கிழக்கே திரும்பி வாருங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் நின்று எதிரே உள்ள வயலையும் வாழையையும் முழுசாகக் காட்டும். நிறுத்தி இறங்கித் திரும்பிப் பார்த்தால் மலையும் இருக்கும்.

காரில் எங்கே உட்காருவது என்பதையும் சொல்ல வேண்டும், இதை யாரும் சொல்வதில்லை. நாம் சாலையின் இடது பக்கம் ஓட்டுகிறோம், ஓட்டுநர் இருக்கை வலது பக்கம். ஓட்டுபவரின் ஜன்னல் எதிரே வரும் வண்டிகளைத்தான் பார்க்கிறது, ஓரத்தை ஒட்டிய வயல் இருப்பது இடது பக்கம். பறவை எடுப்பதற்கு இது பெரிய விஷயம். முடிந்தால் ஒரு நண்பரை ஓட்டச் சொல்லிவிட்டு இடது பின் இருக்கையில் உட்காருங்கள். தனியாகப் போனால், பறவையைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, எதிர்ப் பக்கம் ஓரம் கட்டி, வலது ஜன்னல் வழியாக எடுங்கள். சாலை அகலம் தூரம் கூடும், ஆனால் 250 மி.மீ. கையில் இருக்கிறதே. பறவைகள் நடந்து வரும் ஆளைக் கண்டால் பறக்கும், நின்ற காரைக் கண்டு அவ்வளவு பயப்படாது. என்ஜினை அணைத்துவிடுங்கள், அதிர்வு படத்தில் தெரியும். ஒரு துணிப்பையில் ஒரு கிலோ அரிசியோ கேழ்வரகோ போட்டுத் தைத்து ஜன்னல் விளிம்பில் வைத்தால் லென்ஸுக்கு அதைவிட நல்ல தாங்கி கிடையாது. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை, உழும் டிராக்டர் பின்னால் வரிசையாக நடக்கும் கொக்குகள், இதையெல்லாம் கீழே இறங்காமலே எடுக்கலாம்.

ஏ.சி.யைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர்ந்த காரிலிருந்து கடற்கரைக் காற்றில் இறங்கினால் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிடும், அது காய்வதற்குள் விடிந்துவிடும். போய்ச் சேர கால் மணி நேரம் இருக்கும்போதே ஏ.சி.யை நிறுத்தி ஜன்னலை இறக்கிவிடுங்கள். ஜன்னலைத் திறந்தால் இன்னொரு பலனும் உண்டு, சத்தமும் வாசனையும் உள்ளே வரும். மேளச் சத்தம், கருப்பட்டி காய்ச்சும் வாசனை, கரிப்புகை, இவை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இப்போது வேலைக்கு வருகிறேன். இந்தப் பக்கத்துக்கென்று ஒரு வருடக் கணக்கு இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் எந்த வாரமும் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள்.

உப்பளத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்கு அதன் மேல்தான் ஆசை அதிகம். குஜராத்துக்கு அடுத்து நாட்டில் அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதில் பெரும்பங்கு தூத்துக்குடியில். வடக்கே வேப்பலோடை, தருவைக்குளம், தெற்கே முத்தையாபுரம், பழையகாயல், ஆறுமுகநேரி என்று அளங்கள் நீண்டு கிடக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் எல்லாம் தண்ணீருக்குள் இருக்கும். தை, மாசியில் பாத்திகளைச் சீர்செய்து மிதித்து இறுக்குவார்கள். அப்போது உப்பு இருக்காது, ஆனால் சேற்றின் நிறமும் பாத்திகளில் நிற்கும் வானமும் இருக்கும். பங்குனிக்கு மேல் வெள்ளை தொடங்கி, மழை வரும் வரை உப்பு வாருவார்கள். நன்றாக விடிவதற்கு முன்பே வேலைக்கு வந்துவிடுவார்கள், வெயில் ஏறினால் அந்த வெள்ளையில் நிற்கவே முடியாது. நீண்ட கைப்பிடி போட்ட பலகையால் உப்பை இழுத்து வரப்பில் சேர்ப்பதும், அதைச் சுமந்து போய் அம்பாரமாகக் குவிப்பதும், மழைக்கு முன் அம்பாரத்தை ஓலையாலோ தார்ப்பாயாலோ மூடுவதும் தனித்தனி வேலைகள், தனித்தனி படங்கள். கேமரா வெள்ளையைப் பார்த்து ஏமாந்து படத்தை மங்கலாக்கிவிடும், வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, கூட்டி வையுங்கள்.

அளம் தனியார் இடம். முதலில் அங்கே கணக்கு பார்ப்பவரிடம் கேட்டுவிட்டு வரப்பில் மட்டும் நடங்கள். பாத்தியில் கால் வைத்தால் ஒருவரின் உழைப்பைக் கலக்கிவிடுகிறீர்கள். இன்னொன்றும் சொல்கிறேன். உப்பளப் படம் என்றால் சூரியனுக்கு எதிரே கறுப்பு உருவமாக ஒரு பெண், தலையில் சுமை, தண்ணீரில் நிழல் என்று ஆயிரம் படங்கள் இருக்கின்றன. அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெண்ணின் முகம் எதிலும் இல்லை. உப்புத் தண்ணீர் கால் தோலை அரிக்கிறது, வெள்ளையில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது. நாள் முழுக்க அதில் நிற்பவர்களை வெறும் உருவமாக மட்டும் எடுத்துக்கொண்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேலை முடிந்து நிழலில் உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில் போய்ப் பேசுங்கள். முகம் அங்கே கிடைக்கும், கதையும் கிடைக்கும்.

அதே மாசி, பங்குனியில் பனையும் தொடங்குகிறது, ஆடி வரை போகும். உடன்குடி, திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் சாலையில் போகும்போது மரத்தைப் பார்த்துக்கொண்டே போங்கள். உச்சியில் பாளைக்கடியில் கலயம் கட்டியிருந்தால் அந்த மரத்துக்கு ஆள் வருகிறார் என்று அர்த்தம். பனையேறி காலையிலும் சாயங்காலமும் ஏறுவார். மரத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் எடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள், அவர் பின்னாலேயே போங்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்திலிருந்து பதநீரை ஊற்றுவது, கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலிக்குள் பெரிய பாத்திரத்தில் அது காய்ந்து நிறம் மாறுவது, பாகைச் சிரட்டையில் வார்ப்பது, இதெல்லாம் வீட்டுப் பெண்கள் கையில் நடக்கும். ஓலைக்கூரை இடுக்கு வழியாகப் புகையில் வெயில் கோடாக இறங்கும். உடன்குடிக் கருப்பட்டி என்று பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரியும், ஏறுகிற ஆள் குறைந்துகொண்டே வருகிறார். இதை எடுத்து வைக்க வேண்டிய காலம் இதுதான்.

அங்கேயே பக்கத்தில்தான் தேரிக்காடு. திருச்செந்தூருக்கு மேற்கே குதிரைமொழி, காயாமொழி பக்கம் செக்கச் சிவந்த மணல் மேடுகள். மணல் துகளின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் அந்த நிறம். ஆனி, ஆடிக் காற்றில் மணல் நகர்ந்து, முந்தின நாள் கால்தடமெல்லாம் அழிந்து, காலையில் வரிவரியாகக் கிடக்கும். அதனால் காற்றுக் காலத்தில் காலையில் போங்கள். கேமராவில் சிவப்பு மட்டும் எல்லை தாண்டி வழியும், பின்திரையில் மூன்று நிறங்களின் ஹிஸ்டோகிராமையும், அதாவது வெளிச்ச வரைபடத்தையும், பார்த்து வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். அங்கே லென்ஸ் மாற்றாதீர்கள், காரைத் தாரை விட்டு இறக்காதீர்கள்.

கடலுக்கும் ஒரு கணக்கு உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது போனால் ஒன்றுமிருக்காது என்று நினைப்பார்கள், எனக்கோ அதுதான் நல்ல காலம். விசைப்படகுகளைக் கரையேற்றி அடிப்பலகை மாற்றுவார்கள், சுரண்டுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். நிழலில் வலை பின்னிக்கொண்டிருக்கும் ஆட்களுக்குப் பேச நேரம் இருக்கும். நாட்டுப்படகுகள் அப்போதும் போய்வரும், பெரியதாழை, மணப்பாடு கரைகளில் காலையில் பார்க்கலாம்.

வயல் பக்கம் வந்தால், தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம். பிசான அறுவடை முடிந்ததும் மாசி, பங்குனியில் வெறும் வயலில் ஆட்டுக்கிடை வந்துவிடும், ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் மந்தையோடு வந்து தங்குவார்கள். வாத்து மேய்ப்பவர்களும் வருவார்கள். நெல் நிற்கும்போது பச்சையைப் படம் எடுக்க நிறையப் பேர் வருகிறார்கள், அறுத்த பிறகு யாரும் வருவதில்லை. விடியலில் பட்டி திறக்கும் நேரம், தூசியும் ஆட்டுக் கூட்டமும் எதிர் வெயிலில் எழுந்து நிற்பதைப் பார்த்துவிட்டால் நீங்கள் வயலுக்கு வரும் மாதத்தையே மாற்றிக்கொள்வீர்கள். கரிசல் பக்கம் தை, மாசியில் உளுந்து, பாசி, கம்பு எல்லாம் சாலையிலேயே காயும், வண்டி ஏறித்தான் பாதி உதிரும். மெதுவாகப் போங்கள், அங்கே ஒரு குடும்பமே முறத்தோடு நிற்கும்.

விளாத்திகுளத்துக்குக் கிழக்கே சாயல்குடி, கமுதி வரை சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். மண் பூசிய மூட்டத்திலிருந்து நாள்கணக்காகப் புகை வரும். குளிர்ந்த காலையில் அது மேலே போகாமல் தரையோடு படர்ந்து கிடக்கும், சூரியன் வந்து கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடும். தூரத்தில் ஒரு புகைக் கோடு தெரிந்தால் மண்பாதையில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்தே போங்கள்.

திருவிழாவைக் காலண்டரில் தேடாதீர்கள், சுவரில் தேடுங்கள். சித்திரையிலும் ஆடியிலும் இங்கே ஊர் ஊராகக் கோயில் கொடை நடக்கும், செவ்வாய், வெள்ளி ராத்திரிகளில் வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், சில ஊர்களில் கணியான் கூத்து. தேதியெல்லாம் பஸ் நிறுத்தத்துப் போஸ்டரில் இருக்கும், இல்லாவிட்டால் டீக்கடையில் "அண்ணாச்சி, இந்த வாரம் எங்க கொடை?" என்று கேட்டால் நாலு ஊர் சொல்வார். பங்குனி உத்திரத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் தங்கள் சாஸ்தா கோயிலைத் தேடிக் காட்டுக்குள்ளும் குளத்தங்கரைக்கும் போகும். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்குக் கோயிலில் கூட்டம் நெருக்கித் தள்ளும், அங்கே காரை நிறுத்தவே இடமிருக்காது. அதற்கு முந்தின நாட்களில் சாலையில் போங்கள். காளி, குரங்கு, ராஜா, போலீஸ் என்று வேஷம் கட்டி, மேளத்தோடு ஊர் ஊராகக் காணிக்கை வாங்கப் போவார்கள். டீக்கடை பெஞ்சில் ஒரு காளி கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு டீ குடிக்கும் காட்சி இந்தச் சாலைகளில்தான் கிடைக்கும். அவர்கள் விரதத்தில் இருப்பவர்கள். கும்பிட்டுக் கேளுங்கள், தட்டில் காணிக்கை போடுங்கள், பிறகு எடுங்கள்.

பறவைக்குக் கூந்தன்குளம். நெல்லையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மார்கழியிலிருந்து வைகாசி வரை போகலாம். 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள், பிறகு முக்கியமான ஈரநிலங்களுக்கான உலக அளவிலான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அதற்கெல்லாம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரத்தில் கூடு கட்டும். ஆகவே பறவையை மட்டும் நெருக்கி எடுக்காதீர்கள். கீழே கோலம் போட்டுக்கொண்டிருக்கும் அம்மா, மேலே குஞ்சுக்கு ஊட்டும் நாரை, இரண்டும் ஒரே படத்தில் வரும் ஊர் அது. குளத்துப் பக்கம் போகும்போது வரித்தலை வாத்தும் பூநாரையும் வந்திருக்கின்றனவா என்று உள்ளூர்ப் பையன்களிடமே கேளுங்கள்.

மத்தியானத்தை என்ன செய்வது? பத்து மணிக்கு மேல் வெளியே எடுப்பதை நிறுத்திவிட்டுக் கூரைக்கடியில் போய்விடுங்கள். அம்பை சாலையில் பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறார்கள், இன்னும் மேற்கே காருகுறிச்சியில் மண்பாண்டம் செய்கிறார்கள், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம். மூன்றுமே வீட்டுக்குள், வாசல் வெளிச்சத்தில் நடக்கும் வேலை. வெளியே கொதிக்கும் வெயில் வாசலில் பட்டு மென்மையாகி உள்ளே வரும், முகம் எடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. ஆனி, ஆடி, ஆவணியில் மட்டும் மத்தியானமும் வெளியில் இருக்கலாம். மேற்கே மலையில் மேகம் அடைந்து நிற்கும், சமவெளியில் வெயிலும் நிழலும் ஓடிக்கொண்டே இருக்கும். பணகுடி, ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலை எடுக்கப் போகிறவர்கள் காற்றாலையை மட்டும் எடுத்து வருகிறார்கள். பின்னால் மலைமேல் ஓடும் மேக நிழலுக்காகக் காத்திருந்தால் அதே காற்றாலை வேறு படமாகிவிடும்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி கைபேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து அந்த வட்டாரத்தை மெதுவாகப் பாருங்கள். உப்பளம் கட்டம் கட்டமாகத் தெரியும், தேரி சிவப்புத் திட்டாகத் தெரியும், குளங்கள் கரையோடு பிறைபோல் தெரியும். எந்தக் கரையில் சாலை இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் சூரியன் எந்தப் பக்கம் வரும் என்பதை வீட்டிலேயே தீர்மானித்துவிடலாம். அதற்கு மேல் திட்டம் வேண்டாம். கேமரா டிக்கியில் இருக்கக் கூடாது, பக்கத்து இருக்கையில், மூடி கழற்றி, 1/1000, எஃப் 8, ஐ.எஸ்.ஓ. தானியங்கி என்று தயாராக இருக்கட்டும். ஆனால் ஜன்னல் வழியாக எடுத்ததோடு கிளம்பிவிடாதீர்கள். எடுத்த பிறகு இறங்கி, காரைப் பூட்டிவிட்டு, கால் மணி நேரமாவது நடங்கள். காரிலிருந்து எடுத்தது அந்த வழியாகப் போகும் எல்லோருக்கும் தெரிகிற கோணம். கார்க் கோணமே வேண்டுமென்றால் காரையும் சேர்த்து எடுங்கள். புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங் அம்பாசிடர் காரின் கதவையும் கண்ணாடியையும் சட்டமாக்கி, நாடு முழுக்கச் சுற்றி எடுத்த வண்ணப் படங்களைத் தேடிப் பாருங்கள். கண்ணாடியில் பின்னால் வரும் தெருவும், முன்னால் நிற்கும் ஆளும் ஒரே படத்தில் வரும்.

எடுக்கக் கூடாத இடங்களும் இந்த வட்டாரத்தில் அதிகம். கூடங்குளம் அணுமின் நிலையம், விஜயநாராயணம் கடற்படைத் தளம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் கட்டும் இடம், தூத்துக்குடி துறைமுகம். இவற்றின் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள், டிரோன் பற்றி நினைக்கவே வேண்டாம். கூந்தன்குளம் போகும் வழியில் தெரியாமல் விஜயநாராயணம் பக்கம் திரும்பிவிட வாய்ப்பு உண்டு, பலகைகளைப் பார்த்துப் போங்கள்.

ஒரே வட்டத்தில் திரும்பத் திரும்பப் போங்கள் என்றுதான் முடிவாகச் சொல்வேன். தமிழ்நாடு முழுக்கச் சுற்ற வேண்டியதில்லை. நெல்லையிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் மேலே சொன்னதில் பாதிக்கு மேல் இருக்கிறது. காரில் ஒரு நோட்டு வையுங்கள், எந்த ஊர், எந்த மாதம், என்ன வேலை, யாரைப் பார்த்தீர்கள், வெயில் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். எடுத்த படத்தைப் பிரின்ட் போட்டு அடுத்த முறை போகும்போது அவர்களிடமே கொடுங்கள். கொடுத்த பிறகு "நாளைக்கு வாங்க, பக்கத்து விளையில மரம் வெட்டுறாங்க, அதையும் எடுங்க" என்று அவர்களே சொல்வார்கள். அதற்குப் பிறகு விஷயத்தைத் தேட வேண்டியிருக்காது.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றால், ஞாயிறு வேண்டாம், ஒரு சனிக்கிழமை விடுப்புப் போடுங்கள். எட்டயபுரத்தில் சனிக்கிழமை ஆட்டுச் சந்தை. இருட்டில் கிளம்பி விடியும்போது அங்கே இருங்கள், தீபாவளிக்கோ பக்ரீத்துக்கோ முந்தின வாரமாக இருந்தால் கூட்டம் பல மடங்கு இருக்கும். பேரம் பேசும் கைகள், ஆட்டைத் தூக்கி எடை பார்ப்பவர், லாரி மேல் ஏற்றும் பையன்கள் என்று எட்டு மணி வரை நிற்காமல் எடுக்கலாம். 18-55 போதும், ஜூமைக் காரிலேயே வைத்துவிடுங்கள். அங்கிருந்து விளாத்திகுளம் சாலையில் போய்க் கரிமூட்டப் புகை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் வேப்பலோடை அளத்தில் அனுமதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே எடுக்க வேண்டாம். அடுத்த வாரம் விடிவதற்கு முன் போகலாம்.